டீத்தூள் தீர்ந்துபோச்சு: 'ரன் அவுட் ஆஃப்' பழகலாம்

காலையில் டீ போட அடுப்பில் தண்ணீர் வைத்தாயிற்று. டப்பாவைத் திறந்தால் ஸ்பூன் அடித் தகரத்தில் உரசுகிறது. "டீத்தூள் தீர்ந்துபோச்சு" என்கிறோம். இதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலருக்கு வாயில் வருவது "டீ பவுடர் இஸ் ஓவர்". நமக்குள் இது புரியும். ஆனால் வெளிநாட்டுக்காரர் கொஞ்சம் விழிப்பார். அவருக்கு 'ஓவர்' ஆவது சினிமா, மேட்ச், வகுப்பு போன்றவைதான், டீத்தூள் அல்ல. இந்த இடத்தில் அவர் சொல்வது 'ரன் அவுட் ஆஃப்'.

முதலில், ஆளிடமிருந்து தொடங்குங்கள்

தமிழில் தீர்ந்துபோவது பொருள். வாக்கியமும் அந்தப் பொருளில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அது யாரிடம் இல்லாமல் போனதோ அவர் முன்னால் வருவார்.

"வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்." வீட்டில் பால் தீர்ந்துவிட்டது.

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் கடினமானது இது ஒன்றுதான். மனதுக்குள் 'பால்' என்று தொடங்காமல் 'நாங்கள்' என்று தொடங்கிப் பாருங்கள், மீதி தானாக வரும். பொருளையே முன்னால் வைக்கவும் வழி உண்டு: "தி மில்க் ஹேஸ் ரன் அவுட்." அப்போது 'ஆஃப்' போய்விடும். பின்னால் சொல்ல எதுவும் இல்லையே! கடைக்காரர் "ஸாரி, வீ ஹேவ் ரன் அவுட்" என்று நிறுத்திக்கொள்வதும் இதனால்தான். எந்தப் பொருள் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்து, காலம்

ரன், ரேன், ரன். இவ்வளவுதான். இப்போது கையில் இல்லை என்றால் 'ஹேவ் ரன் அவுட்'. நேற்று நடந்ததைச் சொன்னால் 'ரேன் அவுட்': "வீ ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல் நியர் திண்டிவனம் யெஸ்டர்டே." 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ்' வேண்டாம். இன்னும் தீரவில்லை, தீரப்போகிறது என்றால் 'ரன்னிங் அவுட்': "ஹரி அப், வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்."

நேரம் மட்டுமல்ல, பணம், யோசனை, பொறுமை எல்லாமே இப்படித் தீரும். "ஐ ஆம் ரன்னிங் அவுட் ஆஃப் பேஷன்ஸ்" என்று ஒருவர் சொன்னால், பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சறுக்கும் இடம்

'முடிந்தது' வேறு, 'தீர்ந்தது' வேறு. சாப்பிட்டு முடித்தால் "ஐ ஹேவ் ஃபினிஷ்ட் மை லஞ்ச்". பந்தியில் சாதம் தீர்ந்தால்தான் "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்". அலுவலகத்தில் வேலையை முடித்துவிட்டு "ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் வொர்க்" என்று சொல்லிவிடாதீர்கள். செய்வதற்கு வேலையே இல்லை என்று பொருளாகிவிடும், அடுத்த ஃபைல் மேஜைக்கு வந்துவிடும்.

கிரிக்கெட்டில் வரும் ரன் அவுட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே 'ஆஃப்' வராது.

அப்புறம் உச்சரிப்பு. 'ஆஃப்' என்று எழுதினாலும் காதில் விழுவது 'அவ்' தான். மூன்று சொல்லையும் ஒட்டி, 'ரனவுட்டவ்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

இப்போது நீங்கள்

சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் 'ஹேவ் ரன் அவுட் ஆஃப்', அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் 'ஆர் ரன்னிங் அவுட் ஆஃப்'. வாய்விட்டுச் சொல்லுங்கள். உப்பு, சர்க்கரை, துவரம்பருப்பு என்று பத்து டப்பா போதும்.

கடைசியாக ஒன்று: "போனில் சார்ஜ் தீரப்போகுது." இதில் ஆள் யார்? போன்தான்! "மை ஃபோன் இஸ் ரன்னிங் அவுட் ஆஃப் பேட்டரி."