ஊருணிக்குப் போகும் மழைத்தண்ணீரில் நாம் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக்கூரை முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழை பிடித்தவுடன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அப்பத்தா விடமாட்டார். "ஓடு கழுவட்டும்டா, அப்புறம் வை" என்பார். கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் புறா எச்சமும் சருகும் முதலில் இறங்கும். அந்தத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். இன்று மொட்டைமாடிக் குழாயை நேரே தொட்டிக்குள் விட்டுவிடுகிறோம். 1000 சதுர அடிக் கூரையில் முதல் 2 மி.மீ. மழை என்பது சுமார் 185 லிட்டர். அதை வெளியே விட ஒரு தனிக் குழாயும் வால்வும் போதும்.

ஊர்க்குளமான ஊருணிக்குப் போகும் தெருத்தண்ணீர் சங்கதி வேறு. அதில் டயர் தூள், வண்டி எண்ணெய், துத்தநாகம் எல்லாம் வரும். இவற்றில் பெரும்பகுதி நுண்ணிய வண்டலோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். ஆகவே தண்ணீரை மெதுவாக்கி வண்டலைப் படிய வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய மண் வரத்துக்கால் இதைத்தான் செய்தது. புல் வேகத்தைக் குறைக்கும், மண் உறிஞ்சும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும்.

எங்கள் ஊரில் அந்த வரத்துக்காலை "சுத்தமா இருக்கட்டும்" என்று சிமெண்ட் பூசிவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் தெருக்குப்பை அத்தனையும் சில நிமிடங்களில் ஊருணிப் படிக்கட்டில் வந்து நின்றது. தண்ணீரின் மேல் வானவில் போல எண்ணெய்ப் படலம். பார்த்தபோது வயிறு எரிந்தது. வரத்துக்காலுக்குச் சிமெண்ட் வேண்டாம். கரை சரிகிற இடத்தில் மட்டும் கல் கட்டினால் போதும்.

ஊருணி வாயில் வண்டல் படிய வண்டல் குழி வெட்டுகிறவர்களும் அதை அள்ள மறந்துவிடுகிறார்கள். நிரம்பிய குழியில் வேகமாக மழை விழுந்தால், படிந்ததெல்லாம் கலங்கி உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, நடுவில் ஒருமுறை அள்ளுங்கள். மணல் வடிகட்டியும் அப்படித்தான். மேல் ஓரங்குலம் அடைத்தால் அதை மட்டும் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடலாம்.

செப்டிக் டேங்க் வழிவை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுவதை எந்த மணலும் ஜல்லியும் சரிசெய்யாது. கிருமி வரும். கூடவே தழைச்சத்தும் மணிச்சத்தும் வந்து ஊருணியைப் பாசியும் ஆகாயத்தாமரையும் மூடும். தெருத்தண்ணீரை நேரே போர்க்குழாயில் இறக்குவது அதைவிட மோசம். மண் வடிகட்ட வாய்ப்பே இல்லாமல் அழுக்கு நிலத்தடி நீரில் கலந்துவிடும். கூரைத்தண்ணீரைக்கூட வடிகட்டிய பிறகே இறக்குங்கள்.

தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டால் கலங்கல் தெளியும். உண்மைதான். ஆனால் தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். குடிக்கிறதானால் கொதிக்க வையுங்கள்.

கண்மாய் வண்டலை வயலுக்கு அடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதே நினைப்பில் வண்டல் குழியில் அள்ளியதை வீட்டுக் கீரைப்பாத்தியில் கொட்டுகிறார்கள். எங்கள் குழியில் போன வருடம் எடுத்த சேறு கருப்பாக, கையில் தேய்த்தால் டீசல் வாசம் அடித்தது. தெருவிலிருந்து வந்த வண்டலில் உலோகமும் எண்ணெயும் தங்கியிருக்கும். அதைக் கீரைக்கும் போட வேண்டாம், வாழைக்கும் போட வேண்டாம். மழை அடித்துக்கொண்டு திரும்பவும் ஊருணிக்கே வராத மேட்டில் கொட்டுங்கள்.