பக்கத்து வீட்டு நாய், பூனை, மீன்: நான்கு நாள் பார்த்துக்கொள்வது எப்படி?

"நாலு நாள்தான் தம்பி. சாப்பாடு வச்சா போதும், அதுபாட்டுக்கு இருக்கும்." போன தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிய மேல்வீட்டு அக்கா இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். டைகர் என்ற லாப்ரடார், பொம்மி என்ற பூனை, ஒரு தொட்டியில் மூன்று தங்கமீன்கள். வீட்டுக்காரர்கள் கூட இருக்கும்வரைதான் அதுபாட்டுக்கு இருக்கும் என்பது எனக்கு மறுநாள் காலையில் தெரிந்தது. முதல்முறை ஒப்புக்கொண்டவர்களுக்காக, நான் சொதப்பிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: முந்தைய நாள் போய் உட்காருங்கள்

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, ஒரு மணி நேரம் அந்த வீட்டில் இருங்கள். என்ன செய்யவேண்டும் என்று கேட்பதைவிட, அவர்கள் செய்வதைப் பாருங்கள். கைப்பழக்கமாகிவிட்ட எதையும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அக்கா தினமும் குப்பைக்கூடையை மேடைமேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் படுப்பாராம். எனக்குச் சொன்ன பட்டியலில் அது இல்லை. மறுநாள் கதவைத் திறந்தால் ஹால் முழுக்க முட்டை ஓடு, டீத்தூள், கிழிந்த பால் பாக்கெட். நடுவில் டைகர், வாலாட்டிக்கொண்டு.

தடுப்பூசிப் புத்தகத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண், மருந்து இருந்தால் அதன் அளவு, அவசரமென்றால் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பது, இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பணத்தைப் பற்றி முன்கூட்டிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து கேட்பது அதைவிடக் கூச்சம்.

படி 2: பாசத்தில் எதுவும் ஊட்டாதீர்கள்

முதல் நாள் டைகர் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகியவர்களைக் காணாத நாய் ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பது சகஜம். எனக்கு அது தெரியாது. மனசு கேட்காமல் என் பிரியாணியில் பாதியை வைத்தேன். நொடியில் காலி. ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. மூன்று முறை தரையைத் துடைத்தேன்.

அத்தோடு போனது நல்ல காலம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்கும் ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நம் சாம்பார் சாதத்திலேயே சின்ன வெங்காயம் இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் அதே கதைதான். சாக்லேட் கூடாது. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். காய்ச்சல்போல் இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து.

படி 3: கதவு

உள்ளே நுழையும்போது கதவைக் காலளவு மட்டும் திறந்து, உடம்பால் மறித்துக்கொண்டு போங்கள். தீபாவளி என்றால் இன்னும் கவனம். பட்டாசுக்கு அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. எங்கள் தெருவில் விடியற்காலை நாலு மணிக்கே சரவெடி. வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அதனால் சத்தம் அடங்கிய நேரம் பார்த்து வெளியே கூட்டிப்போங்கள். மற்ற நேரம் ஜன்னலை மூடி, ஃபேனையும் டிவியையும் போட்டுவிடுங்கள்.

படி 4: பூனை காணாமல் போகும்

போகும், கவலைப்படாதீர்கள். அனேகமாக வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். பொம்மியைத் தேடி மொட்டைமாடி, பார்க்கிங், பக்கத்துத் தெரு என்று இரண்டு மணி நேரம் அலைந்தேன். அவள் இருந்தது பீரோவுக்குள், பட்டுப்புடவை அடுக்கின்மேல். காலையில் துணி எடுக்கத் திறந்து மூடியது நான்தான்.

பீரோ, வாஷிங் மெஷின், பரண், கட்டிலடி, இந்த வரிசையில் தேடுங்கள். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் கண் மின்னும். உண்மையிலேயே வெளியே போயிருந்தாலும், வீட்டுப் பூனை பெரும்பாலும் பக்கத்திலேயே எங்காவது பதுங்கியிருக்கும். தெரு அடங்கியபின் தேடுவது நல்லது.

பூனை இரண்டு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், கல்லீரல் பாதிக்கும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வராவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

படி 5: மீன், ஒரு சிட்டிகை

"ஒரு சிட்டிகை போடு" என்றார் அக்கா. யார் விரல் சிட்டிகை? என் விரல் பெரிது. பசிக்குமே என்று மாலையும் ஒரு சிட்டிகை. தின்னாத தீனி அடியில் அழுகி, மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சித்தண்ணீராகிவிட்டது. அங்கேதான் பெரிய தப்பைச் செய்தேன். தண்ணீர் மொத்தத்தையும் இறைத்துவிட்டு, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி, குழாய்த்தண்ணீரையே நிரப்பினேன். கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. குழாய்த்தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். ராத்திரிக்குள் இரண்டு மீன் மேலே மிதந்தன.

நாளுக்கு ஒரு பொட்டலமாகத் தீனியை அவர்களையே மடித்து வைக்கச் சொல்லுங்கள். வளர்ந்த மீன் நான்கு நாள் பட்டினி தாங்கும். கலங்கினால் கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள்.

படி 6: கடித்தால், கீறினால்

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். அதை டாக்டர் சொல்லட்டும்.

படி 7: நடந்ததைச் சொல்லிவிடுங்கள்

நான் சொல்லவில்லை. சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு ஓடி, அதே அளவில், அதே நிறத்தில் இரண்டு மீன் வாங்கித் தொட்டியில் விட்டேன். ஊரிலிருந்து வந்த அக்காவின் மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுக்கு வால்ல வெள்ளைப் புள்ளியே இல்லையே?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், பிரியாணி உட்பட. இந்த வருடமும் சாவி என்னிடம்தான் வந்திருக்கிறது. மீன்தொட்டி மட்டும் எதிர் ஃபிளாட்டுக்குப் போய்விட்டது.