‘8 ஓம்’ ஸ்டிக்கரை நம்பாமல் பவர் ஆம்ப் வாங்குவது எப்படி?

பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஆம்ப் விலைப்பட்டியலைத் திறந்துவிடுகிறார்கள். அதைக் கொஞ்சம் மூடி வையுங்கள். கணக்கு ஸ்பீக்கரில் தொடங்குகிறது. உதாரணத்துக்கு என்னிடம் உள்ள கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர்: பெட்டி சின்னது, ஆனால் ஆம்பை நன்றாக வேலை வாங்கும்.

படி 1: எத்தனை வாட் வேண்டும்?

இதன் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல். அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் இவ்வளவு சத்தம். 8 ஓமுக்கு அது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும், கவனம்.

3 மீட்டரில் உட்கார்ந்தால் சுமார் 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர், சுவர் எதிரொலி எல்லாம் சேர்த்து 5 டெசிபல் திரும்ப வரும் என்று வையுங்கள். ஆக, 1 வாட்டுக்கு ஏறக்குறைய 80. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் வாட் பத்து மடங்கு. சராசரி 80-ல் கச்சேரி கேட்கும்போது தவில் அடி 100-ஐத் தொட வேண்டுமானால் 100 வாட். இன்றைய சினிமாப் பாட்டு அழுத்திப் பிழிந்து மிக்ஸ் செய்யப்பட்டது. உச்சம் 92-ஐத் தாண்டாவிட்டால் 15 வாட்டே போதும்.

படி 2: இம்பீடன்ஸ்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். எல்எஸ்50 மெட்டாவின் விவரத்தாளில் 8 ஓம் என்று போட்டு, பக்கத்திலேயே ‘குறைந்தபட்சம் 3.5’ என்றும் போட்டிருப்பார்கள். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது பாட்டுச் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, ஒரே எண் அல்ல. அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். 8 ஓமுக்கு 100 வாட் என்றால் உச்ச வோல்ட் 40. 8 ஓமில் அது இழுக்கும் கரண்ட் 5 ஆம்பியர். 3.5 ஓம் பள்ளத்தில் 11 ஆம்பியருக்கு மேல். ஆம்ப் திணறுவது இங்கேதான்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஃபேஸ் ஆங்கிள் என்று ஒன்று இருக்கிறது. வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காதபோது, கரண்ட் ஓடும் நேரத்தில் டிரான்சிஸ்டரின் தலையிலும் நிறைய வோல்ட் நிற்கும்; எல்லாம் சூடாகிறது. 4 ஓமும் 45 டிகிரியும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்தால், உச்ச வெப்பக் கணக்கில் ஏபி வகை ஆம்புக்கு (வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப்) அது 1.4 ஓம் சுமைக்குச் சமம். ஆகவே ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், ஃபேஸ் ஆங்கிள் கோடுகள் உள்ள கிராஃபில் தேட வேண்டியது ஓம் குறைவும் ஆங்கிள் அதிகமும் சேர்ந்து வரும் இடம். இரண்டும் வேறு வேறு இடத்தில் வந்தால் அவ்வளவு பயமில்லை.

ஸ்டீரியோஃபைல் பத்திரிகையின் அளவீட்டுப் பகுதியில் இரண்டு கோடுகளும் ஒரே படத்தில் கிடைக்கும். கிடைக்காத ஸ்பீக்கராக இருந்தால், ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருள், இரண்டு உள்ளீடு உள்ள சவுண்ட் கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும், நாமே அளந்துவிடலாம். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காதீர்கள். அது டிசி ரெசிஸ்டன்ஸை மட்டும் காட்டும்.

படி 3: ஆம்பின் விவரத்தாள்

பிஎம்பிஓ (கணநேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பர வாட்) என்று கண்டால் அடுத்த ஆம்புக்குப் போங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த வாட்டும் அதன் தம்பிதான். 8, 4, முடிந்தால் 2 ஓமுக்கும் தனித்தனி எண் வேண்டும். 8-ல் 100, 4-ல் 200-க்குப் பக்கத்தில் என்றால் பவர் சப்ளை கெட்டி. 100, 120 என்று முடிந்தால் நம் ஸ்பீக்கருக்கு ஆகாது.

என் ஓட்டு கிளாஸ் டி (டிரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓட்டும் வகை) பக்கம். ஹைபெக்ஸ் என்சி400 மாட்யூல் 8 ஓமில் 200, 4-ல் 400, 2-ல் 580 வாட் தருகிறது, சூடும் குறைவு. நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில், சும்மா இருந்தாலும் சூடாகும் கிளாஸ் ஏ ஆம்பை வைத்துக்கொண்டு பாட்டு கேட்பவர்களுக்கு என் வணக்கங்கள்.

பின்சேர்க்கை:

ஏவி ரிசீவரின் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) பின்னால் உள்ள 4 ஓம்/8 ஓம் சுவிட்சை 4-க்கு மாற்றலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். பெரும்பாலான ரிசீவர்களில் அது உள் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துவது மட்டும்தான். கிளிப்பிங் (ஆம்பின் எல்லை தாண்டிச் சிக்னலின் உச்சி வெட்டுப்படுவது) இன்னும் சீக்கிரம் வரும். 8-லேயே விட்டுவிட்டு, காற்றோட்டம் கொடுங்கள்.

இன்னொரு வாசகர் சப்வூஃபரின் ஹை லெவல் (ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்து சிக்னல் எடுக்கும்) கம்பியை ஆம்பின் கறுப்பு முனையில் கொடுக்கலாமா என்றார். ஆம்ப் பிரிட்ஜ் அமைப்பில் இருந்தால் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும், அது கிரவுண்ட் அல்ல. சப்பின் கிரவுண்ட் கம்பி அங்கே தொட்டால் ஆம்ப் போய்விடலாம். தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.