என்எம்சி ரிஜிஸ்டர்ல பேரு விட்டுப்போச்சா? பினாங்குல இருந்துகிட்டே திரும்ப சேர்றது எப்படி

யூகேல நாலஞ்சு வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு, அம்மாவுக்கு முடியல, புள்ளைங்க ஸ்கூலு, வீட்டுக்காரர் வேலைன்னு ஊருக்குத் திரும்பி வந்தவங்க நம்மள்ல நிறைய பேரு. வந்த புதுசுல என்எம்சி, அதாவது யூகேல நர்ஸுங்களப் பதிவு பண்ற நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், ஞாபகமே இருக்காது. மூணு நாலு வருஷம் கழிச்சு திரும்பப் போலாமான்னு ஒரு யோசனை வந்து, ஆன்லைன்ல பேரத் தேடிப் பார்த்தா காணோம். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, இத்தன வருஷ உழைப்பு போச்சேன்னு.

எப்படிப் போச்சுன்னு சொல்லிடுறேன், உங்களுதும் இதே கதையா இருக்கலாம். வருஷத்துக்கு 120 பவுண்டு ஃபீஸ், நான் மூணு மாசத்துக்கு ஒருக்கா 30 பவுண்டா டைரக்ட் டெபிட்ல கட்டிக்கிட்டு இருந்தேன். ஊருக்கு வர்றப்ப அங்க உள்ள பேங்க் அக்கவுண்ட்ட மூடிட்டேன். காசு போகல. என்எம்சி அனுப்புன ஈமெயில் எல்லாம் என்னோட பழைய வேலை இமெயிலுக்குப் போயிருக்கு, வேலைய விட்டதும் அத என்னால திறக்க முடியாது. அவ்ளோதான், ரிஜிஸ்ட்ரேஷன் லேப்ஸ் ஆயிருச்சு.

முதல்ல மனசுல ஒன்னு வாங்கிக்கோங்க. லேப்ஸ் ஆகுறது வேற, ஸ்ட்ரைக் ஆஃப் வேற. ஸ்ட்ரைக் ஆஃப்னா தப்பு செஞ்சு விசாரணை நடந்து பேர எடுக்கிறது. லேப்ஸ்னா ஃபீஸ் கட்டாததால, இல்லன்னா மூணு வருஷத்துக்கு ஒருக்கா ரிஜிஸ்ட்ரேஷனப் புதுப்பிக்க செய்ய வேண்டிய ரீவேலிடேஷன செய்யாததால பேரு விழுந்துபோறது. இதுக்கு ரீஅட்மிஷன்னு தனி வழியே இருக்கு. பத்து பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ள அக்காமாருங்க கூட "இனிமே முதல்லேருந்து பரீட்சை எழுதணும், எனக்கெதுக்கு இந்த வயசுல"ன்னு விட்டுடுறாங்க, அதப் பார்த்து மனசு தாங்காமத்தான் இத எழுதுறேன். எல்லாருக்கும் பரீட்சை கிடையாது. உங்களுக்கு உண்டா இல்லையான்னு ஒரு நம்பர் சொல்லிடும், ரெண்டாவது படியில வரும்.

முதல் படி: உங்க பின் நம்பரத் தேடுங்க

என்எம்சி உங்களுக்குக் கொடுத்த ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர்தான் பின். பழைய பே ஸ்லிப்பு, பழைய சர்டிஃபிகேட், எதுலயாவது இருக்கும். நம்பரும் எழுத்துமா மொத்தம் எட்டு. முதல் ரெண்டு நம்பர் நீங்க ரிஜிஸ்டர் ஆன வருஷம், அப்புறம் மாசத்துக்கு ஒரு எழுத்து, அப்புறம் நாலு நம்பர், கடைசில ஒரு எழுத்து. மலேசியாவுல படிச்சுட்டுப் போனவங்களுக்கு அந்தக் கடைசி எழுத்து ஓவர்சீஸுக்கு உள்ள 'ஓ'. அத ஜீரோன்னு அடிச்சா தேடுனாலும் வராது, பார்த்து அடிங்க.

என்எம்சி வெப்சைட்ல யார் வேணும்னாலும் ரிஜிஸ்டரத் தேடலாம், முதல்ல உங்க பின்ன அதுல போட்டுப் பாருங்க. அப்புறம் என்எம்சி ஆன்லைன் அக்கவுண்ட்டுல பழைய இமெயில மாத்தி உங்க சொந்த இமெயிலப் போடுங்க. இத இன்னிக்கே செய்ங்க, மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

ரெண்டாவது படி: 450 மணி நேரம்

இதுதான் முக்கியம், மெதுவாப் படிங்க. கடந்த மூணு வருஷத்துல நீங்க நர்ஸா 450 மணி நேரம் வேலை செஞ்சிருந்தா, யூகேல இல்லாம வேற நாட்டுல செஞ்சிருந்தாலும், நேரா ரீஅட்மிஷனுக்கு அப்ளை பண்ணலாம். நர்ஸ், மிட்வைஃப் ரெண்டா ரிஜிஸ்டர் ஆகி ரெண்டும் வேணும்னா 900.

450ன்னு கேட்டதும் மலை மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம ஊரு ஆஸ்பத்திரில காலை ஷிஃப்ட் ஏழுலேருந்து ரெண்டு வரைக்கும்னா ஏழு மணி நேரம், 65 காலை ஷிஃப்ட் செஞ்சா 455. நைட்டு ஒம்போதுலேருந்து காலைல ஏழு வரைக்கும்னா பத்து மணி நேரம், 45 நைட்டுலயே முடிஞ்சிரும். வாரத்துக்கு அஞ்சு நாள் காலை ஷிஃப்ட் செய்றவங்களுக்கு 13 வாரம். மூணு வருஷத்துல 13 வாரம், அவ்ளோதான்.

வார்டுல தான் செய்யணும்னும் இல்ல. டயாலிசிஸ் சென்டர், ஸ்பெஷலிஸ்ட் கிளினிக், காலேஜுல நர்ஸிங் சொல்லிக்கொடுக்கிறது, வார்டு நிர்வாகம், நர்ஸ்ங்கிற படிப்பையும் திறமையையும் வச்சு செய்ற வேலைன்னா கணக்குல வரும். ஆனா அந்த வேலைய சட்டப்படி செஞ்சிருக்கணும். நம்ம நாட்டுல நர்ஸா வேலை செய்யணும்னா லெம்பாகா ஜூருராவாட் மலேசியாவுல, அதாவது இங்க உள்ள நர்ஸிங் போர்டுல, ரிஜிஸ்டர் ஆகி, அந்தந்த வருஷத்துக்கு உள்ள ஏபிசி, அதாவது ஆனுவல் பிராக்டிஸிங் சர்டிஃபிகேட், கையில இருக்கணும். டிசம்பர் 31 வந்தா அது முடிஞ்சிரும். யூகேக்குப் போனப்ப அதையும் விட்டுட்டுப் போனவங்க, முதல்ல இங்க உள்ளத சரி பண்ணிட்டு வேலைக்கு சேருங்க, அப்புறமா மணி நேரத்த எண்ணுங்க.

எனக்கு வலிச்ச இடம் ஒன்னு உண்டு. ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் நான் அம்மாவத்தான் பார்த்துக்கிட்டேன். ஸ்ட்ரோக். டியூப் ஃபீடிங்கு, பெட் சோர் டிரஸ்ஸிங்கு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கிறது, எல்லாம் என் கையாலதான். வார்டுல செஞ்சத விட நல்லாவே செஞ்சேன். அதுல ஒரு மணி நேரம் கூட கணக்குல வராது, வீட்டு மனுசங்கள மகளா பார்த்துக்கிறது நர்ஸ் வேலை இல்ல. அதனால அம்மா போனதுக்கப்புறம் இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரில பார்ட் டைமா சேர்ந்து, அந்த மணி நேரத்தத்தான் காட்டுனேன்.

மூணாவது படி: ஆதாரம்

ஹெச்ஆர்ல கடிதம் கேட்டா அவங்க வழக்கமா அடிச்சுக் கொடுக்கிறது "இன்னார் இந்தத் தேதிலேருந்து இந்தத் தேதி வரைக்கும் இங்கே பணிபுரிந்தார்"ன்னு நாலு வரி. எனக்கும் முதல்ல அப்படித்தான் வந்துச்சு. அதுல நான் ஃபுல் டைமா, பார்ட் டைமா, வாரத்துக்கு எத்தன மணி நேரம், ஒன்னுமே இல்ல. திரும்பப் போய் நின்னு, மூணு வாரம் கழிச்சுத்தான் ரெண்டாவது கடிதம் கிடைச்சுச்சு.

அந்த மூணு வாரம் உங்களுக்கு மிச்சம் ஆகட்டும். கேக்கிறப்பவே நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க: உங்க பதவி ஸ்டாஃப் நர்ஸ்னு தெளிவா, எந்த வார்டு இல்ல யூனிட்டு, ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி, மொத்தம் எத்தன மணி நேரம், கையெழுத்துப் போடுறவங்க பேரும் பதவியும், ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட். இதெல்லாம் இங்கிலீஷ்ல. மலாய்ல கொடுத்தாங்கன்னா மொழிபெயர்ப்பு, அதுக்கு ஒரு முத்திரைன்னு இன்னொரு அலைச்சல்.

கூடவே ரோஸ்டர போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. மாசா மாசம் நோட்டிஸ் போர்டுல ஒட்டுவாங்க இல்ல, அதுல உங்க பேருள்ள வரிய மட்டும், கூட வேலை செய்றவங்க பேரு தெரியாம. நான் ஒரு பழைய ஸ்கூல் நோட்டுல கோடு போட்டு தேதி, ஷிஃப்ட், மணி, அதுவரைக்கும் சேர்ந்த மொத்தம்னு நாலு கட்டம் எழுதி வச்சிருந்தேன். 452ன்னு எழுதுன அன்னிக்கு அந்தப் பக்கத்த வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன்.

நாலாவது படி: 35 மணி நேரப் படிப்பு

மூணு வருஷத்துல 35 மணி நேரம் சிபிடி, அதாவது வேலையோட சேர்ந்து நீங்க கத்துக்கிட்டது. ரீவேலிடேஷன்ல அந்த 35ல 20 மணி நேரம் மத்தவங்களோட சேர்ந்து கத்துக்கிட்டதா இருக்கணும், தனியா உக்காந்து படிச்சது மட்டும் போதாது, அதே கணக்குல வச்சுக்கிட்டீங்கன்னா பின்னாடி பிரச்சன வராது. ஏபிசிக்காக நாம எப்படியும் போற கோர்ஸு, பிஎல்எஸ் (உயிர் காக்கிற முதலுதவி) டிரெய்னிங், வார்டுல நடக்கிற சிஎன்இ (தொடர் நர்ஸிங் வகுப்பு) எல்லாத்தோட சர்டிஃபிகேட்டும் ஒரே ஃபைல்ல போடுங்க. ஒவ்வொன்னுக்கும் தேதி, எத்தன மணி நேரம், என்ன கத்துக்கிட்டேன்னு ரெண்டு வரி எழுதி வைங்க.

பேரு விஷயம்

இத தனியா சொல்லியே ஆகணும், நம்மாளுங்களுக்கு மட்டும் வர்ற தொந்தரவு. ஐசில, அதாவது அடையாள அட்டைல, நம்ம பேரு, அப்புறம் மகள்ங்கிறதுக்கு ஏ/பி, அப்புறம் அப்பா பேரு. யூகேல அப்பா பேரையே சர்நேமா போட்டுக்கிட்டாங்க. பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, ஆஸ்பத்திரி கடிதத்துல ஒரு மாதிரி, கல்யாணத்துக்கப்புறம் சில பேரு அங்க வீட்டுக்காரர் பேரையும் சேர்த்திருப்பாங்க. ஒரே ஆளுன்னு உக்காந்து பார்க்கிற வெள்ளக்காரருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே எல்லாக் கடிதத்துலயும் வரட்டும்னு ஹெச்ஆர்ல முன்னாடியே சொல்லிடுங்க. என்எம்சில பழைய பேரு இருந்துச்சுன்னா கல்யாண சர்டிஃபிகேட்டையும் தயாரா வச்சுக்கோங்க.

அஞ்சாவது படி: அப்ளை பண்றது

என்எம்சி ஆன்லைன்ல உள்ள போய் ரீஅட்மிஷன். ஃபார்ம் கஷ்டம் இல்ல, உக்காந்தா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிரும். உடம்பு ஆரோக்கியம், நடத்தை பத்தி கேப்பாங்க. போலீஸ் கேஸு, கோர்ட்டு தண்டனை, வேற நாட்டு நர்ஸிங் போர்டுல புகார் ஏதாவது இருந்தா மறைக்காம எழுதுங்க. பழைய சின்ன விஷயத்த விட அத மறைச்சதுதான் பெரிய தலைவலியாப் போகும். வேலைக்குப் போறப்ப இன்டெம்னிட்டி கவர், அதாவது வேலைல தப்பு நடந்தா நஷ்ட ஈட்டுக்கு உள்ள காப்பு, இருக்கும்னும் உறுதி சொல்லணும், யூகே அரசாங்க ஆஸ்பத்திரி அமைப்பான என்ஹெச்எஸ்ல சேர்றவங்களுக்கு அது அவங்ககிட்டயே இருக்கு.

இங்கிலீஷுக்கு ஆதாரம் கேட்டு உங்ககிட்ட வேற வழி இல்லன்னா ஐஇஎல்டிஎஸ், ஓஇடின்னு ரெண்டு இங்கிலீஷ் பரீட்சைல ஒன்னு எழுதணும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்ல படிக்கிறது, கேக்கிறது, பேசுறது மூணுலயும் 7, எழுதுறதுல 6.5. ஓஇடின்னா மூணுல பி, எழுதுறதுல சி ப்ளஸ். வருஷ ஃபீஸ் நான் கட்டுனப்ப 120 பவுண்டு, இங்க உள்ள கார்டுலயே கட்டுனேன். நம்ம வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எவ்ளோ வரும்னு அன்னிக்கு ரேட்டப் பார்த்துக்கோங்க.

450 இல்லாதவங்க

உங்களுக்கு ரெண்டு வழி. ஒன்னு யூகேல என்எம்சி அங்கீகாரம் உள்ள யூனிவர்சிட்டில ரிட்டர்ன் டு பிராக்டிஸ் கோர்ஸ், கிளாஸும் வார்டு பிளேஸ்மென்ட்டும் சேர்ந்தது. அங்க வீடும் சொந்தக்காரங்களும் இருக்கிறவங்களுக்கு நல்ல வழி. பினாங்குலேருந்து போய் மாசக்கணக்கா தங்கி, விசா பார்த்துன்னா எனக்கென்னமோ சரிப்படும்னு தோணல.

இன்னொன்னு டெஸ்ட் ஆஃப் காம்பிடென்ஸ், ரெண்டு பாகம். முதல்ல கம்ப்யூட்டர் பரீட்சை, அதையும் சிபிடின்னுதான் சொல்லுவாங்க, மேல சொன்ன 35 மணி நேர சிபிடியோட குழப்பிக்காதீங்க. அத கோலாலம்பூர்ல உள்ள பியர்சன் வியூ சென்டர்லயே எழுதலாம். மருந்து கணக்கு 15 கேள்வி அரை மணி நேரம், நர்ஸிங் 100 கேள்வி ரெண்டரை மணி நேரம். ரெண்டாவது ஓஸ்கி, அதாவது கையால செஞ்சு காட்டுற பரீட்சை, அது யூகேல மட்டும்தான்: ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ், நார்தாம்ப்டன், நார்தம்ப்ரியா, அல்ஸ்டர், லீட்ஸ்னு அஞ்சு எடம். பத்து ஸ்டேஷன், ஒவ்வொன்னுலயும் ஒரு வேலைய செஞ்சு காட்டணும். ஃபீஸ் 794 பவுண்டு, அதனால சரியாத் தயார் ஆகாம போகாதீங்க.

என் கூட படிச்ச ஒருத்தி இப்படித்தான் போனா. அவளுக்கு திறமைல ஒரு குறையும் இல்ல, ஆனா நம்ம வார்டுல நாம கையும் கண்ணுமா வேலைய முடிச்சிட்டுப் போயிடுவோம், வாய் திறக்க மாட்டோம். ஓஸ்கில கை கழுவுறது, பேஷண்ட்டோட பேரு, பிறந்த தேதி கேட்டு கைப்பட்டையோட ஒத்துப் பார்க்கிறது, அலர்ஜி கேக்கிறது, சம்மதம் கேக்கிறது எல்லாத்தையும் வாயால சொல்லிக்கிட்டே செய்யணும், சொல்லலன்னா செய்யாத மாதிரிதான். அவ அவங்க மாமியார சோபாவுல உக்கார வச்சு, சாப்பாட்டு மேசை கரண்டிய தெர்மாமீட்டரா வச்சு தினம் ராத்திரி பழகுனா. ஒரு மாசத்துல மாமியாருக்கே வரிச மனப்பாடம், "அலர்ஜி கேக்கலியே"ன்னு அவங்களே நிறுத்துவாங்களாம்.

அப்ளை பண்ணிட்டு

பேரு ரிஜிஸ்டர்ல வர்ற வரைக்கும் யூகேல நர்ஸா ஒரு ஷிஃப்ட் கூட செய்யக் கூடாது, அது சட்டத்துக்கு விரோதம். ஏஜென்ட் யாராவது "அப்ளை பண்ணிட்டீங்கல்ல, அது போதும்"னு சொன்னா கேக்காதீங்க. பேரு வந்தாலும் விசா தனி, அதுக்கு அங்க வேலை கொடுக்கிறவங்க ஸ்பான்சர் பண்ணணும்.

ரிஜிஸ்டரத் தேடிப் பார்த்துக்கிட்டே இருங்க, நான் நைட் முடிச்சு வர்றப்ப ஃபெர்ரில நின்னுக்கிட்டு போன்ல பார்த்தேன், என் பழைய பின்னே, பேரோட, இருந்துச்சு. அன்னிக்கே போன்ல ரெண்டு அலாரம் வச்சேன், ஒன்னு வருஷ ஃபீஸுக்கு ஒரு மாசம் முன்னாடி, இன்னொன்னு ரீவேலிடேஷன் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடி. அந்த ரெண்டு தேதியும் உங்க என்எம்சி அக்கவுண்ட்லயே போட்டிருக்கும்.