வாசலில் சாய்தளம் போட்டால் முடிந்துவிடுமா? அணுகல் உரிமையில் நேரும் தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், வாசலில் இரண்டு படி. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் நான்கு பேர் ஓடிவந்து தூக்கிவிடுகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் தூக்கிவிட ஆள் இருக்கும்போது சாய்தளம் எதற்கு என்று நிர்வாகம் இருந்துவிடுகிறதே, அதுதான் முதல் தவறு. தானாக வந்து தானாகப் போவது மாற்றுத்திறனாளியின் உரிமை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் வந்த 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான அணுகல் ஒழுங்குவிதிகளும் இதற்காகவே வந்தவை.

சாய்தளம் போட்டபிறகும் தவறு தொடரும். ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்றால் இரண்டுக்கும் 30. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 360 சென்ரிமீற்றர் நீளவேண்டும். இடமில்லை என்று மேசன் ஒரு மீற்றரில் முடித்துவிட்டால், ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும், இறங்கும்போது ஆள் முன்னால் விழுவார். நேராக நீள இடமில்லாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், கொழும்பு மழையில் வழுக்கும். இரு பக்கமும் கைபிடி, சில்லு விலகாதபடி ஓரத்தில் சிறு கட்டு, மேலே கதவைத் திறக்க நாற்காலி நிற்கும் சமதளம், இவை மூன்றும் அவசியம். கொங்கிரீட் போடுமுன் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரையே அழைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். இதைச் செய்யாததால்தான் இடித்துக் கட்டவேண்டி வருகிறது.

மலசலகூடத்தை மறப்பது இன்னும் கொடுமை. நான்கு மணிநேர நிகழ்வுக்கு வருபவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார். கதவு திறந்த நிலையில் 80 சென்ரிமீற்றராவது இடைவெளி, உள்ளே நாற்காலி திரும்ப 150 சென்ரிமீற்றர் வட்டம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கட்டிவிட்டுத் துடைப்பமும் வாளியும் அடுக்கிவைத்தால் இல்லாததற்குச் சமம். புதிய பொதுக் கட்டடங்கள், மலசலகூடம் உட்பட, ஒழுங்குவிதிப்படியே அமையவேண்டுமென்று அணுகல் உரிமைக்காகப் போராடிய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே கட்டி முடியும்வரை காத்திராமல், வரைபட அனுமதி நிலையிலேயே மாநகர சபைக்கு எழுதுங்கள்.

முறையிடுவதில் பலர் இழப்பது காலத்தை. அரச நிறுவனத்தின் செயலுக்கு எதிரான அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். தனியார் கட்டடம் என்றால் இந்த வழி பொருந்தாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்தை நாடவேண்டும்.

அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பு அந்த உரிமையைத் தருகிறது. கடிதத்தில் “தயவுகூர்ந்து உதவவும்” என்று எழுதாதீர்கள். சட்ட இலக்கம், படியின் உயரம், கதவின் அகலம், திகதியிட்ட படம், பதில் வேண்டிய நாள், இவற்றை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.