களியை விழுங்காதீர்கள்: இரைப்பை அறுவைக்குப் பிறகு வீட்டில் நேரும் தவறுகள்

களியை மென்று தின்பவனைக் கண்டால் வட ஆற்காட்டில் சிரிப்பார்கள். உருட்டி, கருவாட்டுக் குழம்பில் தோய்த்து, நாக்கில் வைத்த மாத்திரத்தில் உள்ளே தள்ள வேண்டும். பல்லுக்கு அங்கே வேலை இல்லை. ஐம்பத்திரண்டு வயது வரை நானும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்து, உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு இணைத்துத் தைத்த மூன்றாவது மாதம், அம்மா கிண்டிய களியில் இரண்டு உருண்டை அதே பழக்கத்தில் போயிற்று. இரண்டாவது உருண்டை நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன்; தண்ணீரும் மேலே ஏறி வந்தது. எச்சிலைச் சொம்பில் துப்பிக்கொண்டு விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் எண்டோஸ்கோபி வைத்துத்தான் அது இறங்கியது. தையல் போட்ட இடம் சுருங்கிக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. பின்னால் இரண்டு முறை பலூன் வைத்து விரித்துவிட்டார்கள்.

இரைப்பை இல்லாமல் மனிதர் வாழலாம் என்பது பழைய செய்தி. 1881இல் வியன்னாவில் பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1897இல் சூரிச்சில் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக எடுத்தார். அந்தப் பெண் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். கத்தி வேலை அன்றே கைவந்துவிட்டது. அதற்குப் பிறகு சாப்பிடுவது எப்படி என்பதுதான் இன்னும் நம் அடுப்படி வரை வந்து சேரவில்லை. இரைப்பை ஓர் ஏரி மாதிரி: வருவதை வாங்கித் தேக்கும், அலசி அரைக்கும், மதகு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் திறந்துவிடும். ஏரியும் மதகும் போன பிறகு அந்த வேலையைப் பல்லும் தட்டும் கடிகாரமும் செய்தாக வேண்டும். நான் செய்த, என் சுற்றத்தில் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் பாசத்தில் பிறந்தவை. நோயாளிக்கு என்று நம் வீடுகளில் எடுத்து வைக்கும் பத்தியம் முழுக்க வேறு வயிற்றுக்கு எழுதியது.

மெல்லாமல் விழுங்குவது

களியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எலும்பு தேயும் ஆபத்து இருக்கும் நமக்கு அது வேண்டியதுதான். உருண்டையின் அளவு மாற வேண்டும், அவ்வளவே. சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி, வாயில் கூழாகும் வரை அரைத்து, அது இறங்கிய பிறகு அடுத்தது. அம்மாவுக்கு இன்றும் அது கண்ணில் காணச் சகிக்காத காட்சி.

இதைவிட மோசமானவை நார்ப் பொருள்கள். இரைப்பையில் பாதி மிஞ்சியவர்களுக்கு அரைக்கும் வலுவும் அமிலமும் குறைந்துவிடுவதால், செரிக்காத நார் ஒன்றோடொன்று பின்னிப் பந்து போலத் திரண்டு வழியை அடைத்துவிடுவதுண்டு. தை மாதம் கட்டுக் கட்டாக வரும் பனங்கிழங்கு, ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, முற்றிய கீரைத் தண்டு, பலாச்சுளை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் இலவம்பாடி முள் கத்தரிக்காயை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுட்டுத் தோலை உரித்துவிட்டால் அது வெண்ணெய்.

நீராகாரம் இலேசானது என்ற நம்பிக்கை

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் என்ன கொடுக்கிறோம்? குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், ஆப்பிள் ஜூஸ், சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. திடப்பொருளை வயிறு தாங்காது, நீராக இருந்தால் தானே இறங்கும் என்று நினைக்கிறோம். இறங்கும். நாலு கால் பாய்ச்சலில் இறங்கும். அதுதான் சிக்கல்.

ஆற்காட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் மக்கன் பேடா வைத்தார்கள். பால்கோவா மாவுக்குள் முந்திரி, பாதாம் திணித்து, பொரித்து, பாகில் ஊறப்போட்ட பண்டம். ஒன்றே ஒன்றுதான் தின்றேன், கூடவே ஒரு டம்ளர் ரோஸ் மில்க். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது போல ஓர் இழுப்பு. நெஞ்சு படபடத்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, நிற்க முடியவில்லை. மண்டபத்து உக்கிராண அறையில் அரிசி மூட்டை மேல் படுக்க வைத்தார்கள். மாரடைப்பு என்று ஒருவர், கண்ணேறு என்று ஓர் அத்தை. மச்சான் ஓடிப்போய் சோடாவில் சர்க்கரை கலக்கிக் கொண்டுவந்து ஊற்றினார். பத்து நிமிடத்தில் இரண்டாவது அலை, இந்த முறை கழிவறைக்கு.

இதற்கு டம்பிங் என்று பெயர். சர்க்கரை அடர்ந்த உணவு தடையில்லாமல் சிறுகுடலில் கொட்டும்போது, அதை நீர்க்கச் செய்ய உடம்பு ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. குடல் உப்பி முறுக்குகிறது. ரத்த ஓட்டத்தில் நீர் குறைவதால் இதயம் வேகமாக அடிக்கிறது. சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்தில் வருவது இது. அப்போது மறுபடி இனிப்பு நீரை ஊற்றுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதுதான். சாய்ந்து படுத்தால் அரை மணியில் தணிந்துவிடும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. எதை முதலில் தின்பது என்பதை யாரும் சொல்வதில்லை. முட்டை, மீன், கோழி, பருப்பு, பன்னீர் முதலில், சோறு பிறகு, இனிப்பு இல்லவே இல்லை. ஆம்பூர் பிரியாணியைக்கூட நான் இப்படித்தான் சாப்பிடுகிறேன்: கறித்துண்டு இரண்டை முதலில் மென்று முடித்து, பிறகு ஒரு கைப்பிடி சீரகச் சம்பா. பால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றைக் கலக்கும். அதே பாலைத் தயிராக்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வருவது

இன்னொரு வகை டம்பிங் சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். சாப்பாட்டோடு அதை யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஒருவர் காலையில் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டு காட்பாடிக்கு பஸ் ஏறுகிறார். பாதி வழியில் கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது, எரிச்சல் வருகிறது. சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து, ஏறியதை ஒரேயடியாக இறக்கிவிட்டது. அந்த நேரத்தில் கொஞ்சம் சர்க்கரை தேவைதான். தவறு எங்கே என்றால், பயத்தில் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் குளிர்பானமும் உள்ளே தள்ளுவதில். அதற்கும் இன்சுலின் சுரக்கும்; அடுத்த இரண்டு மணியில் அதே கூத்து. ஒரு தேக்கரண்டி சர்க்கரை, நடுக்கம் நின்றதும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்து அளவைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய்க்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அறுவைக்கு முந்தைய அளவையே தொடரக் கூடாது. அதை மருத்துவர்தான் திருத்த வேண்டும்.

வேலூர் வெயிலும் தண்ணீரும்

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி விடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். சரியான அறிவுரை. அதை நம்மவர்கள் 'தண்ணீர் குடிக்காதே' என்று காதில் வாங்கிக்கொள்கிறார்கள். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், ஒரு டம்ளரை மடமடவென்று குடிக்க இடமில்லாத உடம்பு, தாகம் வந்த பிறகு ஈடுகட்ட முடியாது. கத்திரி தொடங்கிவிட்டால் என் தோளில் பாட்டில் தொங்கும்; பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. கரும்புச்சாறும் இளநீரும் வெறும் வயிற்றில் வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைய கணக்கில் தண்டம் விழுந்துவிட்டது என்று பொருள்.

எல்லாம் வாய்வு

நம் நாட்டில் நெஞ்சு வலித்தால் வாய்வு, முதுகு பிடித்தால் வாய்வு, அழுகை வந்தாலும் வாய்வுதான் போலிருக்கிறது. இரைப்பை அறுவை செய்தவருக்கு இந்த ஒற்றைச் சொல் மிகப் பெரிய எதிரி. மார்பெரிச்சல் வந்தால் மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கேட்கிறார். இரைப்பை முழுவதும் போனவருக்கு அமிலமே சுரப்பதில்லை. எரிப்பது மேலேறி வரும் பித்தநீர். அந்த மாத்திரையால் அதற்குப் பயன் இல்லை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிப்பதும் அதைவிட உதவும். டம்பிங் வந்தால் படு, பித்தம் ஏறினால் படுக்காதே என்று இரண்டும் முட்டிக்கொள்ளும். இரண்டும் உள்ளவர்கள் சாய்வு நாற்காலியில் சரிந்து உட்காருவதே வழி.

வலது விலாவுக்குக் கீழே வந்து வந்து போகும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். இந்த அறுவைக்குப் பிறகு அது கூடுதலாகவே வருகிறது. எண்ணெய் மிதக்கும், நாற்றமடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாத மலம் என்றால் கொழுப்பு செரிக்கவில்லை. அதற்குக் கணைய நொதிக் காப்ஸ்யூல் எழுதித் தருவார்கள். முதல் கவளத்தோடு சேர்த்துப் போட வேண்டிய மருந்து அது. தூங்கப் போகும்போது நினைவு வந்து விழுங்கினால் வீண்.

நன்றாகத்தானே இருக்கிறேன்

என் பெரியப்பாவுக்கு 1980களின் தொடக்கத்தில் குடற்புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்தார்கள். அன்று முற்றிய புண்ணுக்கு அதுதான் வைத்தியம். புண்ணுக்குக் கிருமி காரணமாகலாம் என்று ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் அதே ஆண்டுகளில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரியப்பா நிலத்தில் உழைத்தார், நன்றாகவே இருந்தார், பி12 ஊசி எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் கொல்லையிலிருந்து வந்தவரின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு சுடுமண்ணில் நடந்து வந்தும் தெரியவில்லை.

பி12 வைட்டமின் உடம்பில் சேர, இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வர வேண்டும். அந்தச் சுவர் போனால் எவ்வளவு ஈரல் தின்றாலும் சேர்வது சொற்பம். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருப்பதால் உடனே தெரியாது. இருப்பு தீர்ந்த பிறகு ரத்தச்சோகை, கால் மரமரப்பு, தள்ளாட்டம், மறதி என்று வரும். நரம்புச் சேதம் முற்றிவிட்டால் முழுக்கத் திரும்புவதில்லை. கடையில் வாங்கும் ஃபோலிக் அமில மாத்திரை சோகையை மட்டும் சரிசெய்து, நரம்பு கெடுவதை மறைத்துவிடும் என்பது இன்னொரு பொறி. இரைப்பை முழுதும் போனவருக்கு பி12 வாழ்நாள் கணக்கு. எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கிக்கொண்ட இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போடாதீர்கள், இரண்டு மணி இடைவெளி வேண்டும். இரும்புக்கு டீ ஆகாது. கால்சியத்தில் சிட்ரேட் வகை அமிலம் இல்லாமலும் சேரும். மூட்டு வலிக்கு மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை போடுவதும் பீடியும், இரைப்பையில் மீதி உள்ளவர்களுக்கு இணைப்புத் தையலிலேயே புண்ணைக் கொண்டுவரும். சாராயம் நேரே குடலுக்குப் போய் மளமளவென்று ஏறும். பழைய கணக்கு செல்லாது.

விடியட்டும் என்று காத்திருப்பது

களி அடைத்த அன்று நான் செய்த பெரிய தவறு களி தின்றது அல்ல, திண்ணையில் உட்கார்ந்திருந்தது. எச்சில் இறங்கவில்லை என்றால் அந்த நேரமே கிளம்ப வேண்டும். வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தி நிற்காமல், காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பு. பழைய தையலின் தழும்புத் திசு எத்தனை ஆண்டு கழித்தும் இதைச் செய்யும். மலம் தார் போலக் கருத்துப் போவதும், மாதாமாதம் எடை இறங்கிக்கொண்டே இருப்பதும் அடுத்த ரிவ்யூ தேதி வரை பொறுக்காது.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும். வயிற்றைத் திறந்தவருக்குத் தவிர வேறு எவருக்கும் உள்ளே எதை எதோடு தைத்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. அது தெரியாமல் எண்டோஸ்கோபி வைப்பவரும் திண்டாடுவார். என்னுடையதை நகலெடுத்து, மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு பர்சில் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் என் மனைவி பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்: 'மயங்கினால் சோடா கொடுக்காதீர்கள்.'