ஏ9 ரோட்டில லைட் அடிச்சா வழி விடுறான் எண்டு நினைக்காதேங்கோ

லண்டனில இருந்து இலங்கைக்குப் போய் ஏ9 இல, அதுதான் கண்டி-யாழ்ப்பாணம் ரோட்டில, வாகனம் ஓடுறவைக்கு ஒரு தைரியம் இருக்கும், அங்கயும் இடது பக்கம் இஞ்சயும் இடது பக்கம், பிறகென்ன எண்டு. பக்கம் மட்டும்தான் ஒண்டு. லண்டனில எதிரால வாறவன் லைட் அடிச்சா நீ போ எண்டு அர்த்தம், ஏ9 இல அடிச்சா நான் வாறன் நீ ஒதுங்கு எண்டு அர்த்தம், அதுவும் அடிக்கிறது பஸ் எண்டா அவன் ஏற்கனவே உங்கட பக்கத்தில நிப்பான்.

முன்னால போற லொறி வலது சிக்னல் போட்டா திரும்பவும் போகலாம், எதையாவது ஓவர்டேக் பண்ணவும் போகலாம், இல்லாட்டி எதிரால வாகனம் வருது நீ வெளியால வராதை எண்டு உங்களுக்குச் சொல்லவும் கூடும். இடது சிக்னல் எண்டா நீ தாண்டிப் போ எண்டும் இருக்கும், கடையடியில நிப்பாட்டப் போறான் எண்டும் இருக்கும். சிக்னலை நம்பாமல் முன் சில்லையும், முன்னுக்குச் சந்தியோ ஒழுங்கையோ இருக்கோ எண்டதையும் பாருங்கோ. சந்தியில நாலு லைட்டையும் போட்டுக்கொண்டு வந்தா நேரா போறான் எண்டு அர்த்தம், ஆனா பக்கத்தால நிக்கிற உங்களுக்கு ஒரு லைட் மட்டும்தான் தெரியும், திரும்புறான் எண்டு நினைச்சு காரை விட்டுடுவீங்கள். பஸ்ஸில கொண்டக்டர்ர கைதான் சிக்னல். முறிகண்டிப் பிள்ளையாரடியில எல்லாரும் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் சடாரெண்டு ஒதுங்குவினம், அந்த இடத்துக்கு முன்னமே ஸ்பீடைக் குறையுங்கோ. இருட்டினாப் பிறகு லைட் இல்லாத லான்ட்மாஸ்டரும் (ரெண்டு சில்லு உழவு மெசின்) ரோட்டில படுத்திருக்கிற மாடும், அதுக்கு ஒரே மருந்து இரவில ஓடாமல் விடுறது.

இனி எனக்கு நடந்தது. பளைக்கு இஞ்சால ஒரு தனியார் பஸ் லைட் அடிச்சுக்கொண்டு என்ர பக்கத்துக்கே ஓவர்டேக் பண்ணி வந்தது, நான் பிரேக் பிடிச்சுக் கரைக்கு ஒதுங்கினன், பின்னால ஒட்டிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் என்ர வானில அடிச்சிட்டுது. பெடியனுக்கு முழங்கால் உரஞ்சினதோட போச்சு, கடவுளே எண்டு. பஸ் நிக்கவே இல்லை. அஞ்சு நிமிசத்தில சனம் கூடி, வெளிநாட்டுக்காரன் எண்டது தெரிஞ்ச உடனே கதை மாறிட்டுது. பொலிஸில மத்தியானத்தில இருந்து இருட்டும் வரைக்கும் வாங்கில இருந்தம், எழுதுற ஆள் வரேல்லை, பிறகு வந்து சிங்களத்தில எழுதிப்போட்டு கையெழுத்து வை எண்டார். வைக்காதேங்கோ. 1987 ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, தமிழில எழுதச் சொல்லிக் கேக்கிறது உங்கட உரிமை, நான் கேட்டன், இன்னும் ரெண்டு மணித்தியாலம் போச்சு, ஆனா எழுதிச்சினம்.

அதைவிடக் கஷ்டம் வீட்டில. பெடியன்ர ஆக்கள் ஒரு பெரிய தொகை கேட்டு மாமாட்ட வந்திட்டினம், மாமா என்னட்ட, "தம்பி, நீ பவுண்சில உழைக்கிறாய், குடுத்திட்டுப் போவன், நாங்கள் இந்த ஊரிலதானே இருக்கவேணும்" எண்டார். கோவம் வந்தது. ஆனா ராத்திரி படுக்கேக்க அந்தக் கடைசிச் சொல்லுத்தான் திரும்பத் திரும்ப வந்தது. 1990 இல சண்டையால ரயில் நிண்டு 2014 இல திரும்ப யாழ்ப்பாணத்துக்கு ஓடும் வரைக்கும், இந்த ரோடு திறந்திருந்த நேரமெல்லாம் செக்பொயின்ற் செக்பொயின்றா இறங்கி ஏறினது மாமாவும் அந்தப் பெடியன்ர தகப்பனும், நான் அப்ப அங்க இல்லை. மருந்துச் செலவையும் சைக்கிள் திருத்திற காசையும் நானே விரும்பிக் குடுத்தன், மிச்சத்துக்கு மாட்டன் எண்டு சொன்னன், மாமா ரெண்டு நாள் முகம் பாத்துக் கதைக்கேல்லை.

அப்பிடி ஏதும் நடந்தா முதல் 1990 எண்ட நம்பருக்கு ஃபோன் அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். பொலிஸுக்கு 119. வாகனத்தை அசைக்க முன்னம் எல்லாப் பக்கத்தாலயும் படம் எடுத்து, வாடகைக்குத் தந்தவருக்கும் இன்சூரன்ஸுக்கும் அதே இடத்தில நிண்டு சொல்லுங்கோ. லைசென்ஸ் விசயத்தில கவனம், சர்வதேச லைசென்ஸை மட்டும் கொண்டு ஓடேலாது, கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேஷனில பதியவேணும், இல்லாட்டி தற்காலிக லைசென்ஸ் எடுக்கவேணும், 2025 ஆகஸ்டில இருந்து கட்டுநாயக்கா எயார்போர்ட்டிலயும் அதுக்குக் கவுண்டர் இருக்கு. அது இல்லாட்டி இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்.

காசு குடுத்துத் தீர்க்கிறதெண்டா பொலிஸில வைச்சு, எழுத்தில, ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சுத் தீருங்கோ. அந்தக் கடிதத்தின்ர கொப்பி கையில இல்லாமல் பிளேன் ஏறாதேங்கோ.